பட்டுப்பொதியின் மேல் உட்கார்ந்த சொல்

அரபுத் துறைமுகத்தில், சேதம் என்ற பொருளில், அவார் என்றொரு சொல் இருந்தது. சேதமான சரக்கின் மேல் போய் உட்காருவதுதான் அதன் வேலை. கப்பல்களோடு ஐரோப்பாவுக்கும் போனது. இத்தாலியில் அவாரியா என்றார்கள், பிரான்சில் அவாரி என்றார்கள். பெயர்தான் மாறியது, ஓய்வு கிடைக்கவில்லை.

ஒருமுறை புயலில் மாட்டிய கப்பலைக் காப்பாற்ற, மிளகு மூட்டைகளைக் கடலில் தள்ளினார்கள். கப்பல் கரை சேர்ந்ததும் அவார் தள்ளாடி வந்து பட்டுப்பொதியின் மேல் உட்கார்ந்தது.

“யோவ், எழுந்திரு! என் மேல ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படல. எனக்கென்ன சேதம்?” என்று சீறியது பட்டு.

“மிளகு முங்குனதாலதான் நீ கரை சேர்ந்தே. அந்த நஷ்டத்துல தப்பிச்ச எல்லாருக்கும் பங்கு உண்டு. கடல் வழக்கம் அதுதான்.”

“நானா தள்ளச் சொன்னேன்?”

அவார் பெருமூச்சு விட்டது. “எல்லாத் துறைமுகத்துலயும் இதே கேள்விதான். ‘மிளகுதான் கனம், முதல்ல அதைத் தள்ளுங்க’ன்னு புயல்ல கத்துனது யாரு?”

பட்டு தன் மடிப்பைத் தளர்த்தி இடம் கொடுத்தது. அவார் அதன் மேலேயே சாய்ந்து கண்ணை மூடியது. அடுத்த கப்பல் வருவதற்குள் கொஞ்சம் தூங்க வேண்டும்.