மூன்றாவது சிவப்பு

பனியன் கம்பெனியில் தைக்கிற பெண்கள் எல்லோர் கையிலும் ஒரு பட்டை உண்டு. பயந்தால் அதில் சிவப்பு எரியும். உடனே பாதுகாப்புக் குழு ஓடிவந்து, பயந்தவளைப் பத்திரமாகத் தனி அறைக்குக் கூட்டிப்போகும். பயமுறுத்தியவன் அங்கேயே நிற்பான். அவன் கையில் பட்டை கிடையாது. மூன்று முறை சிவப்பு எரிந்தால், "இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராதுங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

துளசிமணிக்கு இரண்டு முறை எரிந்துவிட்டது. அதனால் சூப்பர்வைசர் கதிர்வேல் பின்னால் வந்து நிற்கும்போதெல்லாம், மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு மனசுக்குள் நூறிலிருந்து கீழே எண்ணப் பழகியிருந்தாள்.

இன்றைக்கும் வந்தான்.

"என்ன துளசி, இப்பெல்லாம் உனக்குப் பயமே வர்றதில்லையாட்ட இருக்குது?"

தோளில் கை விழுந்தது. எண்பத்தேழு, எண்பத்தாறு. துணி நழுவி, ஊசி அவள் விரலுக்குள் இறங்கியது. வெள்ளைத் துணியில் ரத்தம் பரவியது. பட்டையில் பச்சைதான் எரிந்தது.

பக்கத்து மெஷினில் இருந்த ருக்குமணி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, கை!"

ருக்குமணியின் பட்டை சிவந்தது. இரண்டு பேர் ஓடிவந்து அவளைப் பிடித்து எழுப்பினார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க, அவங்களைப் பாருங்க!"

அவர்கள் துளசிமணியின் பட்டையைப் பார்த்தார்கள்.

"அவங்க நல்லாத்தான இருக்காங்க. நீங்க வாங்கம்மா."

ருக்குமணி உட்கார்ந்திருந்த ஸ்டூல் காலியானது. கதிர்வேல் அதை இழுத்துப்போட்டு, துளசிமணியை ஒட்டி உட்கார்ந்தான்.

அவள் மறுபடியும் நூறிலிருந்து தொடங்கினாள்.