அடிவாரத்துச் செருப்புகள்

அந்த மலையில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. அடிவாரத்தில் கழற்றிப் போட்டிருந்த தோல் செருப்பும் ரப்பர் செருப்பும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

“உச்சிக்குப் போற ரெண்டு வழியில படிவழிதான் மோசம். பாசி வழுக்கினா எலும்பு மிஞ்சாது” என்றது தோல் செருப்பு.

“காட்டுவழியில யானை நிக்கும், தெரியுமா?” என்றது ரப்பர் செருப்பு.

பக்கத்தில் சாய்ந்திருந்த புது மூங்கில் தடிக்கு நடுக்கம் எடுத்தது. “அண்ணே, நீங்க எந்த வழியா ஏறினீங்க?”

“நாங்க எங்க ஏறினோம்? எல்லாம் சொல்லக் கேட்டதுதான்.”

அப்போது காலை இழுத்து இழுத்து நடந்துவந்த ஒருத்தி தடியை எடுத்து ஊன்றினாள். அவள் பாரம் இறங்கியதும் தடியின் நடுக்கம் நின்றது.

சாயங்காலம் நுனி சிதைந்து திரும்பிய தடியைச் செருப்புகள் மடக்கின. “எந்த வழிடா மோசம்?”

“வழியை எங்கண்ணே பார்த்தேன்? அவங்க காலையே பார்த்துக்கிட்டுப் போனேன்.”