ஆளில்லாத அறைக்குத் தண்ணீர்

சென்னையில் ஃபேன் இல்லாமல் எவனும் தூங்கமாட்டான் என்பதுதான் ஊர் முழுக்க எங்கள் கம்பெனி பொருத்தியிருக்கும் தீயணைப்பு மெஷினின் ஒரே நம்பிக்கை. ஃபேன் ஓடும் அறையில் ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். கட்டடம் தீப்பிடித்தால் எந்த அறைக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடும். தொட்டியில் இருப்பதே கொஞ்சம். ஆளில்லாத அறைக்கு ஒரு சொட்டுகூட விடாது.

ரெஜினா அக்கா தனியாக இருப்பவர். அவர் வீட்டுக்கு மட்டும் இரண்டு பேருக்கான தண்ணீர் ஒதுக்கப்படுகிறது என்று கீழ்வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். உள்ளறையில் ஒரு புது மெத்தை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க யாரு தூங்குறாங்க அக்கா?"

"யாருமில்ல தம்பி."

"அப்ப நிறுத்திடுறேன். கீழ கைக்குழந்தை இருக்கு. அவங்க பங்குலதான் குறையுது."

சுவிட்சில் கை வைத்தேன். அவர் தடுக்கவில்லை.

"பழைய வீடு எரிஞ்ச அன்னைக்கு எம்பையனுக்குக் காய்ச்சல்," என்றார். "குளிருதுன்னு ஃபேனை நிறுத்திட்டுப் படுத்திருந்தான்."

என் கை தானாக இறங்கியது. ஃபேனை நிறுத்தாமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபேனைப் போட்டேன்.

"குளிருதுப்பா," என்று முனகினாள்.

ஃபேனை அப்படியே ஓடவிட்டு, இன்னொரு போர்வை தேடப் போனேன்.