கேள்வி கேட்டால் தங்கும்

அருங்காட்சியகத்தின் சாமான் கிடங்கு நாளை முதல் பிள்ளைகளின் வகுப்பறை. மூச்சுமுட்ட அடைந்து கிடக்கும் சாமான்களில் எது தங்கும், எது அரவை இயந்திரத்துக்குப் போகும் என்பது இன்று பிள்ளைகள் கையில். பிள்ளை ஒரு கேள்வி கேட்க வேண்டும். பராமரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலில் எதன் பேர் கூரையிலுள்ள கேட்கும் இயந்திரத்தின் காதில் விழுகிறதோ, அது தங்கும். பிள்ளை கேட்காமல் பராமரிப்பாளராக வாய் திறந்து எதையாவது சுட்டிக்காட்டினால் அது அப்போதே தள்ளுபடி.

பராமரிப்பாளர் ஜெபராணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடல் ஊருக்குள் புகுந்த வருடத்துப் பெட்டியில் ஒற்றை நீலச் செருப்பு கிடந்தது. அவள் மகள் ரூத்துடையது. பிள்ளையில் மிச்சமென்று கரைக்கு வந்தது அது மட்டும்தான்.

பிள்ளைகளோ பீரங்கியையும் திமிங்கல எலும்பையும் மொய்த்துக்கொண்டு கேள்வியாய்க் கேட்டுத் தள்ளின. இந்தப் பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. நேரம் முடியப்போகிறது என்று சுவரில் சிவப்பு விளக்கு மினுங்கியது. ஜெபராணிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பெட்டியைத் தாண்டிப் போன இரட்டைச் சடைக்காரி ஒருத்தி நின்று, ஜெபராணியை அண்ணாந்து பார்த்தாள்.

"மிஸ், ஏன் அழுறீங்க?"

கேள்வி! கூரையிலிருந்த இயந்திரம் பதிலுக்குக் காது கொடுத்தது.

ஜெபராணி அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லிப் பழகியது வாயில் முந்திக்கொண்டு வந்தது.

"ஒண்ணுமில்ல மக்ளே. கண்ணுல தூசி விழுந்துட்டு."

நேரம் முடிந்த மணி அடித்தது.

"தூசி தங்கலாம்," என்றது இயந்திரம்.

செருப்புப் பெட்டி அரவை இயந்திரத்தை நோக்கி நகரத் தொடங்கியது.