ஓட்ஸ் தூவிய சோப்பு

நான் மூச்சிரைக்கக் கண்காட்சிக்குள் நுழைந்தபோது, கூட்டத்துக்கு நடுவில் நின்று என் கணவர் சோப்பை நக்கிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சாப்பாட்டுச் சாமான்தாங்க! பப்பாளி, தேன், தேங்காய் எண்ணெய். பச்சைக் குழந்தைக்குக்கூடப் போடலாம். பாருங்க!”

மறுபடியும் நாக்கை நீட்டி ஒரு நக்கு. கூட்டம் சிரித்தது.

எங்கே கடை விரித்தாலும் இந்தக் கூத்து உண்டு. பழத்தை அரைத்து வடிகட்டி, எண்ணெயைச் சூடாக்கி, கிராம் கிராமாக அளந்து, தோள்பட்டை கழன்றுபோகும் அளவுக்குக் கிண்டுவது நான். நாக்கை நீட்டிப் பெயர் வாங்குவது அவர். பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

இன்று மட்டும் எரிச்சலுக்கு முன்னால் பயம் வந்தது. ஐயோ, நாக்கு வெந்துபோகுமே என்ற பயம்.

அவர் அள்ளிக்கொண்டு வந்திருந்த நாற்பது சோப்பும் கெட்டுப்போனவை.

கெடுத்தவள் நான்தான். கண்காட்சிக்குச் சரக்கு போதாது என்று அவர் கத்த, நான் பதிலுக்குக் கத்த, நான்கு நாளாக எங்களுக்குள் பேச்சில்லை. எங்கள் வீட்டில் சண்டை வந்தால் வாய் நிற்கும், சீட்டு ஓடும்.

‘ஓட்ஸ் தீர்ந்துவிட்டது. சோப்பு மேலே தூவ வேண்டும், வாங்கவும்’ என்று ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ‘இல்லாமலே செய்’ என்று அதன் கீழேயே பதில் வந்தது.

செய்தேன். ஓட்ஸும் இல்லை, நிதானமும் இல்லை. ஆத்திரத்தில் காஸ்டிக் சோடாவின் அளவு தப்பிவிட்டது. அது இல்லாமல் எண்ணெய் சோப்பாகாது. கூடிப்போனாலோ தோலை அரித்துத் தின்றுவிடும். மறுநாள் துண்டு போட்டபோது, வழக்கம்போல் ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். கரண்ட் கம்பியைத் தொட்டது மாதிரி சுரீரென்றது.

‘தொடாதீங்க. சோடா அதிகம், தோல் வெந்துவிடும். குப்பைக்குப் போகிறது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அலமாரியில் அந்த அடுக்கின் மேலேயே வைத்தேன்.

இன்று காலை பார்த்தால் அலமாரி காலி. சீட்டையும் காணோம்.

ஃபேன் காற்றில் பறந்திருக்கும், மனிதர் பார்க்காமலே அள்ளிக்கொண்டு போயிருக்கிறார் என்று நினைத்தேன். போன் செய்தால் எடுக்கவில்லை. பஸ்ஸில் வழி நெடுக மனசுக்குள் அவன் இவன் என்று திட்டிக்கொண்டு வந்தேன். அவரை மட்டுமா, என்னையும்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கிரீடமா இறங்கியிருக்கும்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜையை நெருங்கினேன். நல்லவேளை, அப்போதுதான் கடை விரித்திருந்தார். சோப்பு அடுக்கு அவ்வளவாகக் கலையவில்லை.

முன்னால் ஒரு இளம் தாய் நின்றிருந்தாள். தோளில் குழந்தை, அதன் கன்னமெல்லாம் சிவப்புத் தடிப்பு. கையில் மூன்று சோப்பு.

“இவளுக்கு எது போட்டாலும் தடிச்சிடுதுங்க. இது ஒத்துக்குமா?”

“கண்ணை மூடிக்கிட்டுப் போடும்மா. நானே நக்கிக் காட்டிட்டேன், அப்புறம் என்ன?”

கணீரென்று பேசினார். நாக்கு தடிக்கவில்லை, பேச்சு குழறவில்லை. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ? என் நாக்கு நுனியைப் பல்லில் உரசிப் பார்த்தேன். இன்னும் எரிந்தது.

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன்.

அவர் நக்கிய சோப்பின் மேல் ஓட்ஸ் தூவியிருந்தது.

அது போன மாதச் சோப்பு. மேஜையில் அடுக்கியிருந்தவற்றில் ஒன்றின் மேலும் பெயருக்குக்கூட ஓட்ஸ் கிடையாது.

சீட்டு பறக்கவில்லை. படித்திருக்கிறார். படித்துவிட்டு, தன் நாக்குக்கு மட்டும் ஒரு நல்ல சோப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நான்கு நாளாக நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது கோபமே இல்லை. உச்சந்தலை கொதித்தது. இவன் நாக்கு வெந்துவிடும் என்று பதறிக்கொண்டு ஓடி வந்தேனே!

அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஒரு சோப்பை எடுத்து, அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். நான்கு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

“இதை நக்குங்க.”

இதுவும் கூத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தான். நான் கையை இறக்கவில்லை.

சிரிப்பு மெல்ல அடங்கியது. அந்தப் பெண் மீதி இரண்டு சோப்பையும் மேஜையில் வைத்தாள். கையை உடையில் அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டு, அப்புறம்தான் குழந்தையைத் தொட்டாள்.

எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அதைத் திறக்கவே இல்லை.