ஒரு வேளை மாத்திரை

மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவு வழியே காலை வெயில் தரையில் நீளமாகக் கிடக்கிறது. பெரியவரின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் அவள் முகத்தையே பார்த்தபடி பக்கத்தில் நிற்கிறார். பதினோரு வருடமாக அவளுக்கு வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. மாத்திரைகள் வைத்திருந்த பை நேற்று ரயிலோடு போய்விட்டது. இரண்டு வேளை தவறிவிட்டது. “என்னையே பாத்துட்டு நிக்காதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது,” என்கிறாள். ஊரிலிருந்து மகள் போனில் கத்துகிறாள்: “அப்பா, டாக்டர் சீட்டு அனுப்பிட்டேன், அவங்ககிட்ட காட்டுங்க!” பாஷை தெரியாத தேசம். அவர் போனை இரண்டு கையாலும் நீட்டுகிறார். கடைக்காரப் பெண் எழுத்துகளைப் பெரிதாக்கி, மருந்தின் பெயரை உதட்டுக்குள் முணுமுணுத்துப் படிக்கிறாள். யாருக்கோ போன் போடுகிறாள், தலையாட்டுகிறாள், காத்திருக்கிறாள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் அவருக்குக் காதுக்குள்ளேயே கேட்கிறது. சட்டென்று அவள் போனை வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு மாத்திரை அட்டையோடு மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறாள். மனைவியின் முன்னால் குனிந்து, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் பெயரையும் போனில் இருக்கும் பெயரையும் விரலால் மாறி மாறித் தொட்டுக் காட்டுகிறாள். “நெறம் வேறயா இருக்கேங்க?” என்கிறாள் மனைவி. “மருந்து அதேதான், முழுங்கு.” தண்ணீரோடு மாத்திரை தொண்டையில் இறங்குகிறது. நன்றி சொல்ல விமானத்தில் மனப்பாடம் செய்த அந்த ஊர் வார்த்தை அவருக்கு மறந்தேபோகிறது. “நீ நல்லா இருக்கணும் தாயி,” என்று கைகூப்புகிறார். அவள் ஒன்றும் புரியாமல் சிரிக்கிறாள். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளைத் தொட்டு அவரை உட்கார வைத்து, அவருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுகிறாள்.