பதினெட்டாம் நாள் திட்டு

சிறையிலிருந்து வந்து பதினேழு நாளாயிற்று. இதுவரை ஒரு ஆள்கூட பிளம்பரைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஒரு அடிதடியில் ஆறு வருஷம் உள்ளே இருந்தவன். முன்பெல்லாம் "டேய் தடியா" என்று முதுகில் அறைகிற சினேகிதன், இப்போது எழுந்து நின்று நலம் விசாரிக்கிறான். தங்கை புருஷன் பழம் நறுக்கும் கத்தியை நைசாக ஒளித்துவிட்டு, "நல்லா சாப்பிடுங்க மச்சான்" என்கிறான்.

பஸ்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் காலை வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தான். "என் கால்தான் குறுக்கே வந்துடுச்சு" என்று அவர் மன்னிப்புக் கேட்டு, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

வேலைக்குப் போன வீட்டில் குழாய் பிய்த்துக்கொண்டது. சமையலறைச் செருப்பு ஹாலுக்கு நீந்திப் போயிற்று. வீட்டுக்காரர் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, "பரவாயில்லைங்க, தரை கழுவின மாதிரி ஆச்சு" என்றார்.

"உள்ளே வார்டன்கூட மனுஷனா மதிச்சுத் திட்டுவான்" என்று தங்கையிடம் எரிந்து விழுந்தான். "இங்க எல்லாரும் பாம்பைப் பார்த்த மாதிரி கும்பிடுறீங்க."

"விடுங்கண்ணே" என்றாள். அவளே சின்ன வயசிலிருந்து அவனை "போடா" என்று சொல்லி வளர்ந்தவள்தான்.

பதினெட்டாம் நாள், அவன் குடியிருந்த கட்டடத்தில் மாடிப்படி கழுவப் புதிதாக ஓர் அம்மா வந்தாள். ஈரப்படியில் கால் வைத்தவனை, "ஏன்டா எருமை, கண்ணை வீட்டுலயே வச்சுட்டு வந்தியா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

அவனுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் கழுவுகிற நேரம் பார்த்தே படியிறங்கினான். நாலு நாள் திட்டு குறைவில்லாமல் கிடைத்தது. பாவம், விஷயம் தெரியாத பொம்பளை. தெரிந்தால் இவளும் "வாங்க, போங்க"தான்.

ஐந்தாம் நாள் இறங்கும்போது, கீழ்வீட்டுக்காரி அவள் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர்கிட்ட வாயை அடக்கிப் பேசு. ஆறு வருஷம் உள்ள இருந்தவரு."

பிளம்பருக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. போச்சு, இதுவும் போச்சு. ஒரு கால் ஈரப்படியிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக அப்படியே நின்றான்.

அந்தம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க. அதுக்காக, உள்ள இருந்துட்டு வந்தவன் ஈரத்துல மிதிக்கலாம்னு சட்டமா? ஏறுடா மேல."